‘பின்விளக்கு இல்லை’ என்று எழுதினேன்

சேலத்தில் ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குச் சூரமங்கலத்தில் கூடி, சங்ககிரி வரை மிதித்துப் போய், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். டாக்டர்கள், ஜவுளி வியாபாரிகள், வங்கி ஊழியர்கள், இரண்டு மூன்று ஆசிரியைகள். போன மாசி மாதம் அவர்கள் கூட்டத்தில் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் காவல் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பத்தொன்பது வருடம் நெடுஞ்சாலையோரக் காவல் நிலையங்களில் விபத்து வழக்குகளைத்தான் எழுதினேன்.

பேசி முடித்ததும் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா எழுந்தார்.

“சார், இந்த ஹெல்மெட் ஒம்பதாயிரம். இந்தப் பின்லைட் பதினெட்டாயிரம், பின்னாடி வண்டி வந்தா முன்னாடியே காட்டிக் கொடுக்கும். எங்க வீட்டுக்காரர் எல்லாம் தண்டச் செலவுங்கறார். நீங்க இத்தனை ஆக்சிடெண்ட் பாத்திருக்கீங்க. இவ்வளவு காசு போடலாமா, வேண்டாமா?”

“ஹெல்மெட் கண்டிப்பாப் போடுங்கம்மா. லைட்டும் போடுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். பூந்தொட்டி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மா கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். சரியான பதில் எனக்குத் தெரியும். அதை ஒரு கூட்டத்தில் சொல்ல முடியாது.

விபத்து வழக்கு எழுதும் வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. கான்ஸ்டபிளாகச் சேர்ந்த புதிதில் பந்தோபஸ்து, சிறைக்காவல், சம்மன் கொடுப்பது என்று ஓடிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருந்தது. அதைப் பார்த்த நிலைய ரைட்டர் ஒருவர் ஒரு விபத்து மகஜரை எழுத வைத்தார். அப்புறம் என்னை யாரும் வேறு வேலைக்கு விடவில்லை. ஏட்டானதும் அதே வேலைதான்.

மகஜர் என்பது, சம்பவம் நடந்த இடத்தில் என்னென்ன கண்டோம் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதுவது. முதலில் அசையாத பொருள் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிலோமீட்டர் கல், பாலத்தின் கைப்பிடிச் சுவர், மின்கம்பம், ஏதாவது ஒன்று. அங்கிருந்து டேப்பைப் பிடித்து எல்லாவற்றையும் அளக்க வேண்டும். உடல் கிடந்த இடம், வண்டி நின்ற இடம், டயர் தேய்த்த தடம் எத்தனை அடி, கண்ணாடித் தூள் எங்கிருந்து எங்கே வரை. வடக்கு எது என்று அம்புக்குறி போட்டு ஒரு வரைபடம். உள்ளூர்க்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்து. அவ்வளவுதான். ஆனால் வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் இந்தத் தாளும் கூடவே போகும். இதில் இருப்பதுதான் அங்கே இருந்தது. இதில் இல்லாதது அங்கே இல்லை.

எனக்கு மேலே இருந்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவரைத்தான் இங்கே சொல்ல வேண்டும். வேலூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கீழே இருப்பவர்களை ‘வா, போ’ என்று சொல்லாத அபூர்வமான அதிகாரி. விபத்து இடத்துக்கு வந்ததும் ஜீப்பிலிருந்து இறங்கி, ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வார். உடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சாலையைப் பார்த்தபடி ஒவ்வொரு வரியாகச் சொல்வார். நான் எழுத வேண்டும்.

“இருக்கறத எழுதறது சுலபம், ஏட்டு. இல்லாதத எழுதத் தெரியணும். ஹெல்மெட் இல்ல, லைட் இல்ல, பிரேக் கட்டை இல்ல. கோர்ட்டுல அதத்தான் கேப்பாங்க.”

அவருடைய மகஜர்களை எந்த வக்கீலாலும் அசைக்க முடியாது என்று பெயர். நானும் அவரிடம் படிந்து வேலை கற்றேன். இன்றைக்கும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் இருந்தபோது ஓர் ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை, சங்ககிரிக்கு இந்தப் பக்கம் சேலத்துப் பல் டாக்டர் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது லாரி மோதி இறந்தார். விடிந்து அரை மணி ஆகியிருந்தது. அவர் உடம்பிலும் சைக்கிளிலும் இருந்த பொருட்களைப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். பாதிக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. உடன் வந்த அவருடைய நண்பர், சாலையோரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். இது தூரமும் வேகமும் காட்டும் மீட்டர். இது பெடலோடு மாட்டிக்கொள்ளும் ஷூ. இது இருட்டில் மின்னும் மேல்சட்டை. ஹெல்மெட் வெளிநாட்டிலிருந்து வந்தது. சொல்லும்போது விலையையும் சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. நான் விலையை எழுதவில்லை.

ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை. சக்கரம் இடுப்பில் ஏறியிருந்தது.

சீட்டுக்குக் கீழே பொருத்தியிருந்த பின்விளக்கு அப்போதும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சைக்கிள் இரண்டாக மடிந்திருந்தது, விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நிலையத்துக்குக் கொண்டுவந்து வைத்த பிறகும் மறுநாள் மதியம் வரை அந்த அறைக்குள் சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது.

லாரி டிரைவர் ஓடவில்லை. அங்கேயே நின்றார்.

“லைட்டு தெரிஞ்சுதுங்க சார். ரொம்ப தூரத்துலயே தெரிஞ்சுது. ரெண்டு நாளாத் தூக்கமில்ல. கண்ணு சொக்கிருச்சு.”

மகஜரை முடித்ததும் இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார். “நல்ல கேஸ், ஏட்டு. எல்லாம் இருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரியாகத்தான் முடிந்தது. டாக்டர் மேல் ஒரு குறையும் சொல்ல வழியில்லை. டிரைவருக்குத் தண்டனை கிடைத்தது. இழப்பீட்டு வழக்கிலும் டாக்டரின் குடும்பத்தை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த விளக்கு அவர் உயிரைக் காப்பாற்றவில்லை. அவர் மேல் பழி வராமல் காப்பாற்றியது. விலை உயர்ந்த பொருளுக்கு அப்படி ஒரு பயன் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அது உடையாது, கழன்று விழாது, அசட்டையான போலீஸ்காரன் கண்ணிலும் படும்.

அதே வருடம் தை மாதம் பழனிசாமியின் வழக்கு வந்தது.

பழனிசாமிக்கு நாற்பத்தோரு வயது. விசைத்தறிப் பட்டறையில் இரவு ஷிப்டு தறி ஓட்டுபவர். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது, திருச்செங்கோடு சாலையில் பின்னாலிருந்து வந்த கார் மோதியது. காலை ஐந்தே முக்கால். தை மாதத்து இருட்டு, அதோடு பனி. காரை ஓட்டியவர் ஈரோட்டில் ஒரு முகூர்த்தத்துக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தவர். பட்டு வேட்டியோடு சாலையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

“லைட்டே இல்லீங்க. ஒண்ணுமே தெரியலீங்க. திடீர்னு முன்னால இருந்தாருங்க” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாங்கள் போனபோது உடலை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பத்து மணிக்குச் சேலத்தில் பந்தோபஸ்து. சாலையின் இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றுவிட்டன. அவர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். நான் டேப்பைப் பிடித்து அளந்தேன். சைக்கிளின் பின்சக்கரம் நசுங்கியிருந்தது. பின் மட்கார்டைக் காணோம். பழைய சைக்கிள்களில் பாதிக்கு மட்கார்டு இருப்பதில்லை, அதனால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

“லைட்?” என்று கேட்டார்.

“இல்லீங்கய்யா.”

“ரிஃப்ளெக்டர்?”

“காணோங்கய்யா.”

“காணோம்னு எழுதக் கூடாது. இல்லன்னு எழுதுங்க.”

‘சைக்கிளில் பின்விளக்கோ சிவப்பு ரிஃப்ளெக்டரோ இல்லை’ என்று எழுதினேன். டீக்கடைக்காரரும் பால்காரர் ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கார் நின்றிருந்த இடம் வரை அளந்தேன். அதற்கு அப்பால் நடந்து பார்க்கவில்லை. ஐம்பது நிமிடத்தில் முடித்துச் சாலையைத் திறந்துவிட்டோம். பிறகு அந்த டீக்கடையிலேயே டீ குடித்தோம்.

பழனிசாமியின் மனைவி சரசு நிலையத்துக்கு வந்தது பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். தறிக்குத் தார் சுற்றும், அதாவது ஊடை நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றும் வேலை செய்பவர். அண்ணன் துணைக்கு வந்திருந்தார், ஆனால் பேசியது சரசுதான். யாரோ அவரிடம், ‘லைட் இல்லை என்று போலீஸ் எழுதியிருக்கிறது, கேஸ் நிற்காது’ என்று சொல்லியிருந்தார்கள்.

“லைட்டு இருந்துச்சுங்க சாமி. சங்ககிரி சந்தையில நாந்தான் வாங்கியாந்தேன். மினுக்கு மினுக்குன்னு எரியற லைட்டு, அம்பது ரூவா. கிளிப்பு ஒடஞ்சு போச்சுன்னு பாவு நூலுல மட்கார்டோட வெச்சு நானே கட்டியுட்டனுங்க. அன்னைக்கு சாயங்காலங்கூட, எரியுதான்னு பாத்துப்போட்டுத்தான் அனுப்புனேன்.”

“மட்கார்டே இல்லையேம்மா” என்றேன்.

“இருந்துச்சுங்க. அதுலதான் கட்டுனேன்.”

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் சம்மன் ஒன்று கொடுக்க அந்தப் பக்கம் போனவன், வண்டியை நிறுத்திவிட்டுத் தேடினேன். கார் நின்றிருந்த இடத்திலிருந்து எழுபது அடி தள்ளி, எதிர்ப்பக்கத்து வாய்க்காலில், சீமைக் கருவேல முள்ளுக்குள் அந்த மட்கார்டு கிடந்தது. காரின் முன்பக்கத்தில் சிக்கி, தெறித்துப் போய் விழுந்திருக்க வேண்டும். வில்லாக வளைந்திருந்தது. சிவப்பு ரிஃப்ளெக்டர் விரிசலோடு அதிலேயே இருந்தது. அதற்கு மேலே அந்தச் சின்ன விளக்கின் கறுப்புப் பின்தகடு. முன்பக்கக் கண்ணாடியும் உள்ளே இருந்ததும் சிதறிப்போய்விட்டன. தகடு மட்டும் மட்கார்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பாவு நூலைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, அறுந்த இழையைத் தறிக்காரர்கள் இணைக்கும் அந்த முடிச்சுப் போட்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனேன். கூடுதல் மகஜர் ஒன்று எழுதி, இதைக் கைப்பற்றியதாக நீதிமன்றத்துக்கு அனுப்ப வழி உண்டு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு எனக்கும் சேர்த்து டீ வரவழைத்தார்.

“இல்லன்னு எழுதி ரெண்டு பேர் கையெழுத்து வாங்கிட்டோம். இப்ப பதினெட்டு நாள் கழிச்சு இதக் கொண்டு போய் வெச்சா, அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்கு வெச்சது பொய்யான்னு கேப்பாங்க. அந்தம்மா கொடுத்ததா உங்ககிட்டன்னு கேப்பாங்க. கூண்டுல நிக்கப் போறது நீங்க. துறைக்குள்ளயும் விளக்கம் கேப்பாங்க. உங்களுக்கு அடுத்த வருஷம் எஸ்.எஸ்.ஐ. பிரமோஷன் வரணும் இல்ல?”

“ஆமாங்கய்யா.”

“நான் வேண்டாம்னு சொல்லல. நீங்களே முடிவு பண்ணுங்க.”

மிரட்டியிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். அவர் மிரட்டவில்லை. டீயைக் குடித்து முடிக்கும் வரை எனக்காகக் காத்திருந்தார். நான் சாக்கை எடுத்துக்கொண்டு போய், நிலையத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளுக்கு நடுவே வைத்தேன். அன்றைக்கு எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை.

குற்ற வழக்கில் காரோட்டி சந்தேகத்தின் பலனில் விடுதலையானார். இழப்பீட்டு வழக்கில் சாட்சி சொல்ல எனக்கு அழைப்பு வந்தது. அப்போது எஸ்.எஸ்.ஐ. ஆகிவிட்டிருந்தேன். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது பதிலை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ‘அன்று கிடைக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். ‘அன்று’ என்ற சொல்லைக் கேட்டதும் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். அப்புறம் என்றைக்குக் கிடைத்தது என்று கேட்பார். அவர் கேட்டால் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

“சம்பவ இடத்தில் விளக்கோ அதன் பாகமோ ஏதாவது கிடைத்ததா?” என்று வக்கீல் கேட்டார்.

“இல்லை” என்றேன்.

வாசகம் அவ்வளவுதான். டைப் அடித்தார்கள். கையெழுத்துப் போட்டேன். விளக்கில்லாமல் இருட்டில் ஓட்டியதால் விபத்துக்கு இறந்தவரும் பாதிக் காரணம் என்று தீர்ப்பு வந்தது. கிடைக்க வேண்டியதில் பாதி போனது. ஆனால் பாதிக் காரணம் என்ற அந்தச் சொல் முழுதாக அந்த வீட்டுக்குப் போனது.

சாட்சி சொன்ன அன்று வராந்தாவில் சரசு எனக்காகக் காத்திருந்தார்.

“ஏட்டய்யா, அப்பறம் ஒருக்காப் போயித் தேடிப் பாத்தீங்களாங்க?”

“பாத்தேம்மா. ஒண்ணும் கெடைக்கல.”

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“அப்ப வழியிலயே உழுந்திருச்சாட்ட இருக்குதுங்க. நாந்தான் செரியாக் கட்டாம உட்டுட்டேன்.”

நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அதன் பிறகு பத்து வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ மகஜர்கள். ‘இல்லை’ என்று எழுதும் முன் சாலையின் இரண்டு பக்கமும் நடந்து தேடினேன். கூட வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். அதனால் பழனிசாமிக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், அந்த நிலையத்துப் பழைய வண்டிகளை ஏலம் விட்டார்கள். நான் வேறு நிலையத்தில் இருந்தேன். விஷயம் தெரிந்து போய்ப் பார்த்தபோது, அந்த இடத்தில் எண்ணெய்க் கறை படிந்த மண்தான் இருந்தது. சாக்கும் பழைய இரும்போடு எடைக்குப் போயிருந்தது. அதன் பிறகு, எழுத வேண்டும் என்று நான் நினைத்தாலும் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

சைக்கிள் குழுக் கூட்டத்திலிருந்து வந்த நாளாக அந்த வங்கி அம்மாவின் கேள்வி உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. காசு போடலாமா? தானாகத் தடுமாறி விழுகிறவர்களுக்கு ஹெல்மெட் உதவும், அதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். தூங்கிப்போனவன் ஓட்டும் லாரிக்கு முன்னால் எந்த விலையும் உதவாது. ஐம்பது ரூபாய் விளக்கும் பதினெட்டாயிரம் ரூபாய் விளக்கும் ஒரே சிவப்பில்தான் எரிகின்றன. ஆனால் ஐம்பது ரூபாய் விளக்கு உடைந்து முள்ளுக்குள் போய் விழும். அதை ஒருவன் தேடி எடுத்து, உள்ளபடி எழுதவும் வேண்டும். அதற்கு ஆள் இல்லாத ஊரில், காசு இருப்பவர்கள் விலை உயர்ந்ததையே வாங்கிக்கொள்வது நல்லது. இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துச் சரசு வீட்டைத் தேடிப் போனேன். ஓட்டு வீடு. முன்னறையில் மோட்டாரில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாராம், தனியாக இருக்கிறார். சீருடை இல்லாமலும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

“வாங்க, ஏட்டய்யா. உக்காருங்க” என்று சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். மட்கார்டு கிடைத்தது, ரிஃப்ளெக்டர் இருந்தது, விளக்கின் தகடு இருந்தது, நூல் கட்டியபடியே இருந்தது, நான்தான் மறைத்தேன்.

அவர் மோட்டாரை நிறுத்தினார்.

“நாங் கட்டுனது அவுரலீங்களா?”

“அவுரலம்மா. இழுத்துப் பாத்தேன். அசையல.”

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். விரல் நுனிகளில் நூல் அறுத்த கோடுகள் இருந்தன. பேசும்போது குரல் அப்படியேதான் இருந்தது.

“எப்பக் கெடச்சுதுங்க?”

“நீங்க ஸ்டேசனுக்கு வந்துட்டுப் போன அடுத்த நாளு.”

“அடுத்த நாளேவா?”

“ஆமாம்மா.”

“கோர்ட்டுல நாங் கேட்டனே, அப்பவும் தெரியுங்களா?”

“தெரியும்.”

“எம்மாமியா சாகற வரைக்கும் எங்கையில சோறு வாங்கித் திங்கலீங்க. இவ கட்டுன லச்சணந்தான் எம்பையனக் கொன்னுதுன்னே சொல்லிட்டிருந்துச்சு. நானும் ஆமாத்தான்னு சொல்லுவேன்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க வாய் வரவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் வந்து எழுதிக் கொடுக்கிறேன், நீதிமன்றத்திலும் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் குடித்து வைத்திருந்த சொம்பை எடுத்து வாசலில் கவிழ்த்து வைத்தார். நான் எழுந்தேன்.

“வாரேம்மா” என்றேன்.

எங்கள் பக்கத்தில், வீட்டுக்கு வந்து போகிறவர் யாராக இருந்தாலும் ‘போயிட்டு வாங்க’ என்றுதான் சொல்வார்கள். மகனைக் கைது செய்து கூட்டிவரப் போன வீடுகளில்கூட, பெற்றவர்கள் என்னிடம் அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

சரசு மோட்டாரைப் போட்டார். நூலை எடுத்துக் கட்டையில் மாட்டினார். என்னை நிமிர்ந்து பார்க்காமல், “போங்க” என்றார்.